கீரி திருப்பிச் சொன்ன உத்தரவு

மலையடிக் காடு ஒன்றில் மிருகங்கள் சேர்ந்து ஓர் எல்லைப் படை வைத்திருந்தன. அதில் ஒரு பிரிவுக்குக் காட்டுப்பன்றி தலைவர். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவள் வடிவு என்னும் கீரி. எதையும் கூர்ந்து பார்ப்பாள், பார்த்ததை நினைத்துப் பயப்படவும் செய்வாள். அவர்களுக்குக் கீழே பன்னிரண்டு முயல் வீரர்கள்.

அந்தப் படையில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. உத்தரவு வாங்கியவர் அதை எந்த இடம், எந்த ஆட்கள், எதுவரை என்று வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்தவர் "அதுவே" என்றால்தான் அது உத்தரவு. நம் பன்றித் தலைவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? பாதியிலேயே "அதுவே, அதுவே, போ!" என்று விரட்டிவிடுவார்.

ஒரு நாள் மாலை, படை காட்டாற்றுக்கு வந்து சேர்ந்தது. ஆறு வறண்டு கிடந்தது.

"முகாம் நடு ஆற்று மணலில்!" என்றார் பன்றி. "செந்நாய்க் கூட்டம் இந்த வழியாகத்தான் கடக்கும். விடியும்வரை ஒருவரும் இடத்தை விட்டு அசையக் கூடாது."

வடிவு சுற்றும் முற்றும் பார்த்தாள். எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு சாரை சாரையாகக் கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது.

"ஐயா, இது தப்பு!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். "வெள்ளம் வந்தால் அத்தனை பேரும் போய்விடுவோம்!"

முயல்கள் பன்றியின் முகத்தையே பார்த்தன. அவருடைய பிடரி மயிர் சிலிர்த்தது.

"எனக்கே பாடம் எடுக்கிறாயா? இங்கே ஒரு சொட்டு மழை உண்டா? ம், எல்லாரும் மணலில் பள்ளம் பறியுங்கள்!"

இத்தனை பேர் பார்க்க ஒரு வீம்புக்காரரைத் தப்பு என்றால் அவர் இறங்கி வருவாரா, குழந்தைகளே? வடிவுக்கு அது கத்திய பிறகுதான் உறைத்தது.

படைக்குத் தபால் சுமக்கும் நரி மெல்ல அவளிடம் வந்தான். கோள் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"நேரே பெரிய தளபதி யானையிடம் போய்ப் போட்டுக் கொடு. பன்றியின் பதவி பறந்துவிடும்" என்றான்.

"அவர் முகாமுக்கு அரை நாள் நடை. நான் திரும்பி வருவதற்குள் இவர்கள் கதி?"

"அப்படியானால் முயல்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு."

"ஓடினால் ஆற்றைக் காப்பது யார்? செந்நாய்கள் உள்ளே புகுந்துவிடுமே!"

மலையில் இடி உருண்டது. முயல்கள் பள்ளம் பறித்துக்கொண்டே இருந்தன. வடிவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்றி தனியாக நின்றிருந்த இடத்துக்குப் போய் விறைப்பாக நின்றாள்.

"மறுபடியும் எதிர்ப்பேச்சா?" என்று உறுமினார் அவர்.

"எல்லார் முன்னாலும் கத்தியது என் தவறு, ஐயா. உத்தரவைத் திருப்பிச் சொல்ல வந்தேன். இன்னும் சொல்லவில்லையே."

"சொல்லித் தொலை."

"இடம், நடு ஆற்று மணல்."

"அதுவே, அதுவே, போ!"

"முடிக்கவில்லை, ஐயா. ஆட்கள், பன்னிரண்டு முயல்கள், நான், நீங்கள். கரை மேட்டுக்கு இங்கிருந்து நூறு தாவல் தூரம். எறும்புகள் முட்டையோடு ஏறிவிட்டன. மலையில் மழை கொட்டுகிறது. தண்ணீர் வந்தாலும் விடியும்வரை ஒருவரும் அசையக் கூடாது. இதுதானே உங்கள் உத்தரவு?"

பன்றி வாயைத் திறந்தார். "அது..." என்றார். மிச்சம் வரவில்லை. திரும்பி முயல்களைப் பார்த்தார்.

"தளபதி என்னை ஆற்றைக் காக்கச் சொல்லியிருக்கிறார்" என்றார் தணிந்த குரலில். "ஏறிப் போனால் பன்றி பயந்துவிட்டான் என்பார்கள்."

அடடா, அவருக்கும் பயம்தான்!

"கரை மேட்டிலிருந்து பார்த்தால் ஆறு முழுவதும் தெரியும், ஐயா. காவலை விடவே வேண்டாம். உங்கள் வாயால் ஒரு சொல் வந்தால் போதும்."

இடி இன்னும் கிட்டத்தில் கேட்டது. சட்டென்று பன்றி முயல்களை நோக்கி நடந்தார்.

"எல்லாரும் கரை மேட்டுக்கு! இனி அங்கிருந்து காவல்!"

வடிவு முகத்தில் சிரிப்பின் நிழல்கூடக் காட்டாமல் திருப்பிச் சொன்னாள். "இடம், கரை மேடு. ஆட்கள், எல்லாரும். விடியும்வரை காவல்."

"அதுவே!"

கடைசி முயல் மேட்டில் கால் வைத்ததும் ஆறு வந்தது. வேரோடு பிடுங்கிய மரங்களைப் புரட்டிக்கொண்டு, காது அடைக்கும் இரைச்சலோடு வந்தது. அவர்கள் பறித்த பள்ளங்கள் இருந்த இடமே தெரியவில்லை. வடிவு உட்கார்ந்து அழுதேவிட்டாள். பன்றி அதைப் பார்க்காததுபோல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அணிவகுப்பில் அவர் அன்றைய உத்தரவைச் சொன்னார். வடிவு அதைத் திருப்பிச் சொல்லி முடித்தாள். முயல்கள் ஓடுவதற்குத் தயாராகக் கால் தூக்கின.

"இரு" என்றார் பன்றி வடிவிடம். "நீ பார்த்ததையும் சேர்த்துச் சொல்."

நீதி: மேலவரின் உத்தரவு தவறென்று கண்டால் சபையில் அவரைச் சிறுமைப்படுத்தாதே, முதுகுக்குப் பின்னால் கோளும் சொல்லாதே, தனியே போய், கண்டதை அவர் முகத்துக்கு நேரே பணிவாகவும் முழுதாகவும் சொல்.