பாக்குவெட்டி காணோம்

முன்னொரு காலத்தில் நெல்வாயல் நாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மதியச் சாப்பாட்டுக்குள் அதை மறந்துவிடுவான். "அங்காடியில் திருட்டு நடக்காமல் பார்த்துக்கொள்" என்று என்றைக்கோ கொட்டாவிக்கு நடுவே அவன் சொன்னதை மட்டும் அங்காடி அதிகாரி ஏகாம்பரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடைக்கு வரும் சிறுபிள்ளைகளை மறித்து மடியைத் தடவுவதே அவருக்கு வேலை. பெரியவர்களைத் தொடமாட்டார். அவர்கள் திருப்பி அடிப்பார்களே!

ஒருநாள் சபைக்குப் போய்க்கொண்டிருந்த மந்திரி திருவேங்கடத்தின் காலில், நூல் நூற்கும் வேலம்மா வந்து விழுந்தாள்.

"சாமி, என் மக செவந்தியை அங்காடி எண்ணெய் அறையில பூட்டி வச்சிருக்காங்க. தந்தச் சீப்பைத் திருடிட்டாளாம். 'அம்மாவைக் கூப்பிடுங்க'ன்னு உள்ள கத்துறா, என்னை விடமாட்டேங்கிறாங்க. அதிகாரி சபையிலேருந்து வந்ததும் ஆம்பளைங்க முன்னாடி துணியை உதறிச் சோதிப்பாங்களாம். பத்து வயசுப் புள்ள சாமி!"

மந்திரி அவளைத் தூக்கி நிறுத்தினார். விறுவிறுவென்று சபைக்குள் நுழைந்தவர், கூச்சல் போட்டார்.

"கதவைச் சாத்துங்கள்! என் பாக்குவெட்டியைக் காணோம். ஏகாம்பரம்தான் எடுத்தார்!"

"நானா? என்ன ஆதாரம்?"

"நேற்று அதை ரொம்ப நேரம் பார்த்தீரே! அங்கியைக் கழற்றும்."

சேவகர்கள் நெருங்கவும் ஏகாம்பரம் அங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். "மகாராஜா! சபை நடுவே இதென்ன அவமானம்? என் அண்ணனுக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் என்னைத் தொடக்கூடாது!"

ராஜா துள்ளி எழுந்தான். "மந்திரி! ஒருவனைப் பிடித்து வைக்கும் அதிகாரம் எனக்கும் என் காவலர்களுக்கும்தான். உமக்கு யார் கொடுத்தது?"

"ஏகாம்பரத்துக்குக் கொடுத்தவர் யாரோ, அவர்தான் எனக்கும் கொடுத்தார், மகாராஜா" என்று மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் காட்டிய மந்திரி, நடந்ததைச் சொன்னார். "மீசை நரைத்தவருக்கே துணைக்கு அண்ணன் வேண்டியிருக்கிறது. அந்தக் குழந்தை அம்மாவைக் கேட்டது தப்பா?"

சபை குபீரென்று சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவள் நிஜமாகவே திருடியிருந்தால்?"

"திருடியிருந்தாலும் அம்மா பக்கத்தில் இருக்கட்டும். காவலர் விசாரிக்கட்டும். அங்காடி ஆட்கள் கை மட்டும் வேண்டாம்."

ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். அதையே சட்டமாக்கிப் பறையறையச் சொன்னான். பூட்டைத் திறக்க ஏகாம்பரத்தையே கால்நடையாக அனுப்பினான்.

கதவு திறந்ததும் செவந்தி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா மடியில் உட்கார்ந்தபடியே காவல்காரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தானே சுருக்குப்பையைக் கவிழ்த்தாள். நாலு புளியங்கொட்டை உருண்டது, சீப்பு இல்லை.

"சரி, போகலாம்" என்றார் ஏகாம்பரம்.

வேலம்மா நகரவில்லை. "என்கிட்ட சொல்லாதீங்க. புள்ளகிட்ட சொல்லுங்க."

கடைத்தெருவே கூடி நின்றது. தொந்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார் ஏகாம்பரம்.

"தப்பு என்னுது, தாயி."

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் சத்தமா" என்றாள்.