மாடத்தி வீட்டில் இல்லாமற்போன பழந்துணி

எலியும் மனுஷரும் ஒரே அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மாடத்தி என்றொருத்தி இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அதற்காக அவளும் புருஷன் பலவேசமும் கும்பிடாத சாமி இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் எதையும் பழசாக விடமாட்டார்கள். சேலையில் ஒரு நூல் பிரிந்தால் நெருப்பு, கூடையில் ஒரு பொத்தல் விழுந்தால் அதற்கும் நெருப்பு. பிள்ளை பிறக்கப்போகிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். பழசில் பீடை ஒட்டியிருக்கும் என்று சொல்லி மூலைமுடுக்கெல்லாம் வழித்தெடுத்துவிடுவார்கள். அப்படியொரு சுத்தக்காரர்கள்.

மாடத்தியும் குனிய முடியாத வயிற்றோடு வீட்டை ஒழுங்குபண்ண இறங்கினாள். பரணில் இருந்ததெல்லாம் சாம்பலானது. கடைசியாக நெல் குதிருக்குப் பின்னால் கையை விட்டாள். அங்கே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. ஊரார் வீசியெறிந்ததைப் பொறுக்கி வந்து ஒரு சுண்டெலி வீடு கட்டியிருந்தது. உடைந்த பானையின் கழுத்துதான் வாசல். கொட்டாங்கச்சிதான் தொட்டில். மாடத்தி எப்போதோ எரிக்க மறந்த சேலையை இழை இழையாகப் பிரித்துத் தொட்டிலில் பரப்பியிருந்தது. அதற்குமேல் கண் திறக்காத நாலு குஞ்சுகள் கிடந்தன. மாடத்தியின் வீட்டைவிட அந்த வீடு சீராக இருந்தது என்பதுதான் நிஜம்.

எலி அவள் காலடியில் வந்து நின்றது.

"தாயி, என் பிள்ளைங்க மேல இன்னும் தோலு சரியா மூடல. புதுத்துணி அறுத்துப்போடும். உடுத்தி உடுத்தி நைஞ்சதுதான் ஒத்துக்கிடும். பத்தே நாள் பொறுத்துக்க."

"எனக்கும் பிள்ளை வரப்போகுது. இந்தக் குப்பையை வீட்டுல வச்சிக்கிட்டு நான் பெறமாட்டேன்" என்றாள் மாடத்தி.

கெட்டவளில்லை அவள். ஒன்பது வருஷத்துப் பயம் அவளை அப்படிப் பேச வைத்தது. குஞ்சுகளை முறத்தில் அள்ளி முற்றத்தில் வைத்தாள். கந்தலை அடுப்பில் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் நாலும் செத்துப்போயின.

அந்த மாசமே மாடத்திக்குப் பெண் பிறந்தது. பிள்ளையைக் கஞ்சி மொடமொடக்கும் புத்தம்புதுக் கோடித் துணியில் வாங்கினார்கள். இரண்டாம் நாள் பிள்ளையின் அக்குளும் தொடையும் சிவந்தன. நாலாம் நாள் தோல் உரிந்து, காய்ச்சல் கண்டு, பால் குடிப்பதையும் விட்டுவிட்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, நைந்த துணி வேண்டும், இல்லாவிட்டால் இது தாங்காது என்றாள். மாடத்தி கோடியைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தாள். வருஷக்கணக்கில் உடுத்தி வரவேண்டிய பதம் நாலு நாளில் வருமா? தன் சேலையைக் கிழிக்கலாமென்றால் அதுவும் பிரசவத்துக்கென்று எடுத்த புதுசு. பலவேசம் வீடு வீடாக ஓடினான். எல்லா வீடும் பளபளவென்று இருந்தது. ஒரு கந்தல் கிடைக்கவில்லை.

கடைசியில் மாடத்தி குதிருக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். எலி சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தது.

"ஒரு கைப்பிடி இழை இருந்தாக் குடு" என்று கேட்டாள்.

எலி வெறும் கொட்டாங்கச்சியை அவள் பக்கம் உருட்டிவிட்டது. "இருந்தாக் குடுத்திருப்பேன் தாயி. நீதான் எரிச்சிட்டியே" என்றது.

அதுதான் எலி மனுஷரோடு பேசிய கடைசிப் பேச்சு.

ஒன்பதாம் நாள் பிள்ளை அழுகையை நிறுத்தியது. புதைக்க எடுத்துப் போகும்போதும் வீட்டில் இருந்தது கோடிதான். அதிலேயே சுற்றினார்கள். இப்போது அது பிள்ளைக்கு வலிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் மாடத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. கட்டியிருந்த சேலையை மாற்றாமல் உடுத்தி, ஆற்றில் அலசி, மறுபடி அதையே உடுத்தினாள். அது நைந்ததும் துண்டு துண்டாகக் கிழித்து, ஊரில் யார் வயிறு தள்ளி நடந்தாலும் ஒன்றைக் கையில் கொடுத்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்லவில்லை.

எவ்வளவு வசதியான வீடானாலும், பிறந்த பிள்ளையைப் பழந்துணியில் வாங்குவதும், கோடியைச் செத்தவர்மேல் போர்த்துவதும் அன்று முதல்தான்.