குணசீலன் ஆறாவது படித்த நாள்

“என் பொண்ணை அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்துறப் போறேனுங்கம்மா. நாளைக்கே டி.சி. வாங்கிருவேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் குணசீலன் இதைச் சொல்லி முடித்துவிட்டார்.

நூல் மில்லில் சூப்பர்வைசர் அவர். எந்த மூலையில் இழை அறுந்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய் முடிச்சுப் போடுகிற மனுஷன். பத்து வருஷமாகக் கரட்டுமலை ஆசிரமத்து அம்மாவுக்குச் சீடர்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு?”

“ஆறாவது சேர்த்து மூணு வாரந்தானுங்க ஆச்சு. பழைய ஸ்கூல்ல ஒரே டீச்சர், ஒரே ரூம். இங்க ஏழு பீரியடுக்கு ஏழு டீச்சர். மணி அடிச்சா மாடிக்கும் கீழேயும் ஓடோணும். அட்லஸ் கொண்டு வரலைன்னு ஒரு மிஸ் திட்டிட்டாங்களாம். நான் விடுவனா? அன்னிக்கே போய் ஹெச்.எம்.கிட்டப் பேசிட்டேன். மத்தியானம் தனியா உக்காந்து சாப்பிடறேன்னா. மறுநாளே போய் நாலு பிள்ளைங்களுக்கு நடுவுல உக்கார வெச்சுட்டு வந்தேன். இதுவரைக்கும் அஞ்சு தடவை போயிட்டேனுங்க.”

“செவ்வந்தி என்ன சொல்றா?”

குணசீலனின் குரல் இறங்கிப்போனது.

“இப்பல்லாம் ஒண்ணுமே சொல்றதில்லீங்கம்மா. எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்லப்பா’ங்கறா. அவ சிரிச்சுப் பத்து நாளாச்சு.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஒரே மகள். வீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள்.

அம்மா கீரைத்தட்டைத் தள்ளி வைத்தார்.

“இன்னிக்கு உனக்கு மில்லு லீவுதானே?”

“ஆமாங்க.”

“போனைக் கொடு. சமையல்கட்டுல ஆரம்பி. மணி அடிக்கறப்பல்லாம் அடுத்த இடத்துக்குப் போகணும். பூக்கட்டற மண்டபம், மாட்டுக்கொட்டாய், பந்தி, பஜனை. முடிச்சுட்டு மூணு மணிக்கு வா.”

“எதுக்குங்கம்மா?”

மணி அடித்துவிட்டது.

பத்து வருஷமாக வருகிறார் என்றுதான் பேர். கும்பிடுவார், பேசுவார், இறங்கிப் போய்விடுவார். ஆசிரமத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

சமையல்கட்டு தங்கமணியம்மாளின் ராஜ்ஜியம். குணசீலன் பீன்ஸை வீட்டில் நறுக்குவதுபோல் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளினார்.

“இங்க நீட்டநீட்டமாத்தான் அரியோணும். இதுகூடத் தெரியாதுங்களா?”

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீளமாக நறுக்கக் கை பழகும்போது மணி அடித்தது.

மண்டபம் எந்தப் பக்கம்? யாரையும் கேட்கக் கூச்சம். நேரே போய் விறகுக் கொட்டகையில் நின்றார். திரும்பி ஓடினார். வேர்க்க விறுவிறுக்க மண்டபத்துக்குள் நுழைந்தபோது மற்றவர்கள் அரை மாலை கட்டியிருந்தார்கள்.

“வாழைநாரு எங்கே?” என்றார் அங்கிருந்த பெரியவர்.

“கொண்டு வரோணுங்களா?”

“பின்னே?”

அந்த முக்கால் மணி நேரமும் நாற்பத்தாறு வயது சூப்பர்வைசர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். மாட்டுக்கொட்டாயில் ஒரு கன்று அவர் வேட்டி நுனியை மென்றது. அதை யாரும் அதட்டவில்லை. சிரித்தார்கள்.

பிறகு பந்தி. எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யார் பக்கத்தில் உட்காருவது? தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒல்லியான ஒருத்தர் முழங்காலை மடக்கி ஒரு சாண் நகர்ந்தார்.

“இப்படி உக்காருங்க. பேரு என்னங்க?”

மூணு மணிக்குக் குணசீலன் படியேறி ஓடி வந்தார்.

“அம்மா! அம்மா! இன்னிக்கு நடந்ததைக் கேளுங்க!”

அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“அந்தத் தங்கமணியம்மா இருக்காங்களே, பத்துப் பேரு முன்னாடி என் மானத்தை வாங்கிட்டாங்க!”

“அப்புறம்?”

“மண்டபத்துக்கு வழி தெரியாம விறகுகிட்டப் போய் நின்னேன்! நாரு இல்லைன்னு அந்தப் பெரியவரு சும்மாவே உக்கார வெச்சுட்டாரு!”

“அப்புறம்?”

“பந்தியில நிக்கறனுங்க, தட்டோட, அநாதையாட்டம். நாச்சிமுத்துன்னு ஒருத்தரு நகர்ந்து இடம் விட்டாரும்மா! அவருக்கு அவிநாசியாம். முதல் நாளு அவரும் அந்த விறகுக் கொட்டகைக்குத்தான் போனாராம்!”

குணசீலன் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, நாளைக்கும் லீவு போட்டுட்டு வரப்போறேன். நாரை ராத்திரியே நனைச்சு வெச்சுருவேன். பீன்ஸு எப்படி அரியறதுன்னு தெரிஞ்சுபோச்சு. நாச்சிமுத்து எனக்கு இடம் பிடிச்சு வெக்கறேன்னு சொல்லியிருக்காரு!”

அம்மா மெல்ல எழுந்தார்.

“சரி. தங்கமணியைக் கூப்பிட்டு நான் கண்டிக்கறேன். மண்டபத்துப் பெரியவர்கிட்டயும் இப்பவே பேசிடறேன். பந்தியில உன்னை எங்க உக்கார வைக்கணும்னு நானே வந்து...”

குணசீலன் துள்ளிக் குதித்து வழியை மறித்தார்.

“ஐயையோ, வேண்டாங்கம்மா! அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நாச்சிமுத்து என்ன நினைப்பாரு? இப்படிப் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க...”

வாய் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா அவருடைய போனை எடுத்து நீட்டினார்.

“பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?”

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தார்.

நாலே காலுக்குச் செவ்வந்தி பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “இன்னிக்கும் ஹெச்.எம்.ஐப் பார்க்கப் போறீங்களாப்பா?”

“இல்ல கண்ணு. சும்மாதான் வந்தேன்.”

சாப்பிட்டியா, யாராவது திட்டினாங்களா, யாரு பக்கத்துல உக்காந்தே என்று வரிசையாகத் தொண்டைவரை வந்தன. அத்தனையையும் முழுங்கினார். அது லேசுப்பட்ட வேலை இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் இருவரும் பேசாமலே நடந்தார்கள். செவ்வந்தி இரண்டு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா.”

“அப்புறம்?” என்றார் குணசீலன், அவசர அவசரமாக.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேப்பா!” என்று செவ்வந்தி சிரித்துவிட்டாள்.