ஆளவந்தார் கேட்ட பாராசூட்

பாராசூட்டில் குதிக்கப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அரிசி ஆலை முதலாளி ஆளவந்தாருக்குத் தலைகால் புரியவில்லை.

"பெரிய பாராசூட்டெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. வாத்தியார் மாட்டுற சின்னதை எனக்குக் கொடு!"

சின்னது வேகமாக இறங்கும், பழகாதவர் காலை முறித்துவிடும். அதைச் சொல்லப்போன வாத்தியாரையே அவர் விரட்டிவிட்டார். பாராசூட் மடிக்கும் பூரணியோ பணிவாகத் தலையாட்டினாள்.

"தாராளமா மாட்டுங்க முதலாளி. ஆனா, உங்க ஊர் சனம் வேன் பிடிச்சு மாலையோட வந்திருக்கு. சின்னது கீழேயிருந்து பார்த்தா கைக்குட்டை மாதிரிதான் தெரியும். அவங்க போனை எடுக்கறதுக்குள்ள நீங்க இறங்கிடுவீங்களே!"

ஆளவந்தார் தாடையைத் தடவினார். பெரியதையே மாட்டிக்கொண்டு, ஆடி அசைந்து பூப்போல இறங்கினார்.

மாலை கழுத்தில் விழுந்ததும் பூரணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதைவிடப் பெரிசு இருக்கா?"