பழகிய கைத்தடி

மகள் பிறந்து மூன்று வருடமாகியும் தச்சன் மருதாசலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜமீன்தார் அவனை ஊருக்கு விடவில்லை.

அவருடைய பழைய கைத்தடி உடைந்துபோனது. புதிதாகச் செய்து கொடுத்த ஒன்பதையும் வீசி எறிந்தார்.

"பழையது மாதிரி பழகியிருக்கணும்டா! அதுவரைக்கும் ஊர்ப்பேச்சே எடுக்காதே."

"பழகணும்னா யாராச்சும் ஊன்றி நடக்கணுங்க எசமான். அடி தேயணும், பிடி வழவழக்கணும். அரண்மனைத் தரையில தேயாதுங்க."

"கல்லு ரோட்டுல நட. தேயற வரைக்கும் நிக்காதே!"

மருதாசலம் நடந்தான். கல்லு ரோடு அவன் ஊருக்குத்தான் போனது, பத்து நாள் நடை.

ஒரு மாதம் கழித்து வண்டிக்காரன் ஒருவன் கைத்தடியை மட்டும் கொண்டுவந்தான். ஜமீன்தார் ஊன்றிப் பார்த்தார். குறை சொல்ல முடியவில்லை.

"அவன் எங்கடா?"

"மடியில பிள்ளை தூங்குதுங்க எசமான். எழுப்ப மனசு வரலைன்னாருங்க."