ஒம்பது பூட்டுப் போட்ட குட்டியானை

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. மைக்செட்டு மாகாளிக்கு அந்தப் பொருத்தம் மட்டும் எந்த ஜென்மத்துலயும் வாய்க்காது. வாயத் தொறந்துட்டான்னா அவனுக்கே நிறுத்தத் தெரியாது. அன்னைக்குக் காலையில அவனோட குட்டியானை வண்டி, ஆம்ப்ளிஃபயர், எட்டுப் பொட்டி ஸ்பீக்கர் எல்லாத்தோடயும் களவு போயிட்டு. சாயங்காலம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சொந்த ஊர்க்காரங்க முதன்முதலா அவன நம்பிக் குடுத்த வேலை. செட்டு போய்ச் சேரலைன்னா இனிமே கருமாதிக்குக்கூட எவனும் கூப்பிட மாட்டான். நேரா பனைவிளை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தான்.

ஏட்டு வடிவு பேனாவத் தொறந்து, "வண்டிக்குப் பூட்டு உண்டா வே?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டார். போச்சு!

"என்ன ஏட்டையா இப்படிக் கேட்டுட்டீங்க! கதவுக்கு ஒம்பது பூட்டு. எல்லாம் திண்டுக்கல்லுல சொல்லிச் செஞ்சது. சாவிக்கொத்து எடை தாங்காம என் இடுப்பே ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சுன்னா பாத்துக்கிடுங்க. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு எனக்கே தெரியாது. மூணு வருசமா நானே பின்கண்ணாடி வழியாத்தான் உள்ள போறேன்."

"அப்ப களவாணியும் அப்படித்தான போயிருப்பான்?" பக்கத்து மேசையிலருந்து கேட்டாங்க கான்ஸ்டபிள் ஜெபக்கனி.

"முடியாது மேடம். ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள கதண்டு வளக்கேன். மலையிலருந்து கொண்டாந்த குளவி, நானூறு. என் வேர்வை வாடைய வச்சு என்ன மட்டும் விட்டுரும். ஒருநாள் பவுடரப் போட்டுட்டுப் போயிட்டேன். சொந்தக்காரன்னு பாக்கல, கொட்டித் தீத்துட்டு. வீங்கின மூஞ்சியோட வீட்டுக்குப் போனா, என் வீட்டுக்காரி பேச்சித்தாய் யாரோ விருந்தாளின்னு சூடாக் காப்பி குடுத்தா. கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல அன்னைக்குத்தான் காப்பி சூடா இருந்துச்சு."

ஏட்டு பேனாவ மூடினார். ஐயோ, நிறுத்துலேன்னு மாகாளி மனசு கத்துது, நாக்கு கேக்கணுமே!

"அது போக அலாரம். கதவத் தொட்டா பேச்சித்தாய் குரல்ல, 'எவம்ல அது?'ன்னு எட்டு ஸ்பீக்கரும் கத்தும். போன மாசம் ஒருத்தன் தொட்டுட்டான். அந்தச் சத்தத்துக்கு வண்டியக் கழுவி, டீசல் போட்டு, டயருக்குக் காத்தடிச்சு, வீட்டுக்கு அரிசியும் வாங்கிக் குடுத்துட்டுப் போனாம்யா!"

"அதுவரைக்கும் நீரு எங்க இருந்தீரு?"

"கட்டிலுக்கு அடியில. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சுல்லா?"

ஏட்டு நோட்டையும் மூடிட்டார். "இந்தா வே, இப்பேர்ப்பட்ட வண்டி களவே போகாது. களவு போகாத வண்டிக்கு நான் என்னத்தப் புகார் எழுத? எந்திரியும்."

மாகாளிக்குக் கண்ணு கலங்கிட்டு. "அம்மன் சத்தியமா போயிட்டுய்யா."

"அப்ப ஒழுங்காச் சொல்லும். எவன் வே தள்ளிட்டுப் போனான்?"

"அவன் எங்கய்யா தள்ளினான்?" மாகாளி தலையத் தொங்கப் போட்டான். "நான்லா தள்ளினேன்."

"என்னது?"

"பூட்டெல்லாம் கிடையாதுய்யா. சாவி வண்டியிலயேதான் கெடக்கும். தள்ளாம ஸ்டார்ட் ஆகாத வண்டிய எவன் எடுப்பான்னு விட்டுட்டேன். காலையில டீக்கடையில நிக்கேன். ரோட்டுல நின்ன ஒரு வண்டியிலருந்து ஒருத்தன், 'அண்ணாச்சி, பாத்தாலே தெரியுது, நீங்க பெரிய பலசாலி. ஒரு தள்ளு தள்ளுங்க'ன்னான். பலசாலின்னதும் எனக்குக் கிறுகிறுத்துப் போச்சு. வேட்டிய மடிச்சுக் கட்டி, குனிஞ்சு, கண்ண மூடிக்கிட்டுத் தள்ளினேன். வண்டி கெளம்பினதும் போயிட்டு வாங்கன்னு கையும் ஆட்டினேன். புகை வெலகினப்பறம் பாத்தா, பின்னால 'மாகாளி சவுண்ட் சர்வீஸ்'னு எழுதியிருக்கு."

அன்னைக்கு அவன் சொன்னதுலயே உண்மை அது ஒண்ணுதான். ஜெபக்கனி வாயப் பொத்திச் சிரிச்சாங்க. "சார், இருக்கிறதுலயே பெரிய புளுகு இதுதான்!"

அந்த நேரம் போன் அடிச்சுது. எடுத்துக் கேட்ட ஜெபக்கனிக்குச் சிரிப்பு நின்னுட்டு. "சார், ரயில்வே கேட்டுல ஒரு குட்டியானை மக்கர் பண்ணி நிக்காம். உள்ள பூரா ஸ்பீக்கர் பொட்டியாம். ஒருத்தன் போறவன் வாறவனையெல்லாம் தள்ளச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டு நிக்கானாம்."

மாகாளி வாசலத் தாண்டிட்டான். ஏட்டு தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டே பின்னாலருந்து கத்தினார்:

"வே மாகாளி! நாங்க வாறதுக்குள்ள அவன் உம்மப் பலசாலின்னு சொன்னா, மறுபடியும் தள்ளிக்கிள்ளி விட்டுராதீரும்!"