பன்னிரண்டு ஜோடியும் மாறாது

கதை சின்னது. ஆனாலும் காதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்காதீர்கள். கடைசியில் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன்.

மதுரையில் பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டும் வட்டம் ஒன்று இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பதினான்கு பேர், வாசிப்பவர்கள் பதினான்கு பேர். யாருக்கு யார் என்பதில் வருஷா வருஷம் மனத்தாங்கல். வாசிப்பவர்களில் ஒருத்தியான கோதைநாயகி மென்பொருள் வேலை பார்ப்பவள். அவள் ஒரு யோசனை சொன்னாள். இரு பக்கத்தாரும் தங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்தித் தரட்டும்; ஜோடி சேர்ப்பதற்கென்றே யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் வைத்த நிரல் தொகுப்பு இருக்கிறது, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

தொகுப்பின் விளக்கக் குறிப்பில் இப்படி இருந்தது: முதலில் கொடுக்கிற குழு கேட்கும், அடுத்த குழு ஏற்கும் அல்லது மறுக்கும். ஆதாயம் முதல் குழுவுக்கு. எந்தக் குழுவை முதலில் கொடுத்தாலும், தங்கள் ஜோடிகளை உதறிவிட்டுச் சேர்ந்துகொள்ள இருவருமே விரும்புகிற ஆட்கள் முடிவில் இருக்க மாட்டார்கள். கோதை இதைப் படித்திருந்தாள்.

முதலில் மாணவர்களை முன்னால் வைத்து ஓட்டினாள். அவளுக்கு விழுந்தது அந்தோணிராஜ். அவன் இருப்பது ஒத்தக்கடையில்; கோதை இருக்கிற ஆரப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வாசிப்பவர்களை முன்னால் போட்டு இன்னொரு முறை ஓட்டினாள். இப்போது விழுந்தவள் பேச்சியம்மாள், இரண்டு தெரு தள்ளி விடுதியில் இருப்பவள். அந்தோணிராஜ், வாசிப்பவர்களில் ஒத்தக்கடைக்காரரான ஹபீபுல்லாவுக்குப் போனான். மற்ற ஜோடிகள் அப்படியே இருந்தன. இரண்டாவது முடிவைத்தான் கோதை அறிவித்தாள்.

பேச்சியம்மாள் முதலில் எழுதியிருந்த பெயர் ஹபீபுல்லா; முதல் முறை ஓட்டியபோது அவளுக்கு விழுந்தவரும் அவர்தான். பாடத்தில் படம் வந்தால் கோடு கோடாக விவரிப்பவர் அவர். அந்தோணிராஜ் முதலில் எழுதியிருந்தது கோதையை. பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் திருப்பி வாசிப்பாள் என்று. வயது வரம்பால் பேச்சிக்கு இதுவே கடைசித் தேர்வு.

கோதைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது. தாங்காமல் ஹபீபுல்லாவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "அறிவிச்சாச்சும்மா. இப்ப மாத்துனா ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவாங்க. விட்ருங்க."

முதல் நாள் வாசிப்பு. "படம் நாலு, தமிழ்நாட்டு ஆறுகள்" என்று வாசித்துக் கோதை பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா, ஹபீபுல்லா அண்ணன் எனக்குக் கெடைக்க வழியே இல்லையா?" என்று பேச்சி கேட்டாள்.

"கம்ப்யூட்டர் போட்டதும்மா. ஒரே தடவதான் ஓட்டுனேன், வந்ததச் சொன்னேன். எப்படிப் போட்டாலும் பன்னெண்டு ஜோடி மாறாது, பேச்சி."

பேச்சி விரலை மடக்கி எண்ணினாள்.

"சரிக்கா. அந்தப் படத்துக்குப் போங்க. எந்த ஆறு எங்க பொறக்குது, எங்க சேருதுன்னு சொல்லுங்க."

கோதை பக்கத்தைப் பின்னால் திருப்பினாள். வருசநாட்டு மலையில் விரலை வைத்து, வைகையில் ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பேச்சி யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

இப்போது சொல்லுங்கள். பேச்சிக்கு எந்தச் சொல்லில் விஷயம் புரிந்தது? செய்ததை மறைத்துப் படத்தை விவரித்த கோதை, விட்டுவிடச் சொன்ன ஹபீபுல்லா, தெரிந்தும் வாய் திறக்காத பேச்சி: இதில் யார் செய்தது சரி?

விடை: 'எப்படிப் போட்டாலும்' என்ற சொல்லில். ஒரே தடவை ஓட்டியவளுக்குப் பன்னிரண்டு மாறாது என்று தெரிய வழியில்லை. தன் ஜோடியும் அந்தப் பன்னிரண்டில் இருந்தால் 'உன் ஜோடி மாறாது' என்றே கோதை சொல்லியிருப்பாள்; மாறுகிற இரண்டில் ஒன்று தன்னுடையது என்பதைப் பேச்சி எண்ணிப் பிடித்துவிட்டாள். ஹபீபுல்லா சொன்னது நியாயம்போல இருந்தாலும், அதில் அலைச்சல் மிச்சமானது அவருக்குந்தான். பேச்சியின் பெருந்தன்மை பெரிது. ஆனால் அவள் விட்டுக்கொடுக்க முடிந்தது தன் பங்கை மட்டும். மூன்று பேரும் செய்தது சரியில்லை. ஒத்தக்கடையில் ஒருவன், தனக்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டு பாடம் கேட்கிறான். அவனிடம் யாருமே பேசவில்லை.